நாலாவது பொட்டு

நிலக்கோட்டையைத் தாண்டி மூன்றாவது வேகத்தடையில் ஏறி இறங்கியபோதுதான் தவசிக்கு அது நினைவுக்கு வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. நேற்று மாலையிலிருந்து உள்ளே எங்கேயோ கிடந்தது. செருப்புக்குள் புகுந்த சிறு கல் ஓரமாகவே ஒதுங்கி இருந்துவிட்டு, ஏதோ ஓர் எட்டில் குதிகாலுக்கு நேர் கீழே வந்து நிற்பதுபோல இப்போது வந்து நின்றது. "மேடு" என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னதும் பின்னால் பவுனுத்தாய் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் அவர் தோளையும் இடது கையால் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டாள். முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறி இறங்கியது. பழைய ஷாக் அப்சர்பராக இருந்தால் இந்நேரம் முதுகெலும்பில் ஓர் உதை விழுந்திருக்கும். இப்போது தண்ணீரில் நிற்கும் பரிசல் லேசாக அமிழ்ந்து எழுந்தது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "நல்லாத்தான் இருக்கு புதுசு" என்றாள் பவுனுத்தாய். கொஞ்சதூரம் போனபின், "இந்தக் கைப்பிடிதான் ஆடுற மாதிரி தெரியுது" என்றாள். அந்தக் கைப்பிடியையும், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற கம்பித் தட்டியையும், ஷாக் அப்சர்பரின் தலையையும் சேர்த்து வண்டியோடு பிடித்து வைத்திருப்பது இடதுபக்கத்து மேல் நட்டு. மொத்தம் நாலு நட்டுகள், பக்கத்துக்கு இரண்டு. அது நாலாவது. "புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்" என்று அவர் வாய் சொல்லிவிட்டது. நாலு நட்டிலும் சிவப்புப் பொட்டு இருக்கிறது, காலையில் வண்டியைத் துடைக்கும்போதுகூடக் குனிந்து பார்த்தார், நாலிலும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலிலும் இருக்கிறது என்பதுதான் உறுத்தியது.

எட்டு மணிக்கு நிறுத்தியாக வேண்டும். எட்டு மணிக்குக் கண்ணில் சொட்டு மருந்து. இப்போது ஏழு இருபது. எட்டு மணிக்கு நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம், அதற்கு முன் நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பாள், கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும், ஒன்றைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். பெரிய கறுப்புக் கண்ணாடிக்குள், இடது கண்ணின்மேல் துளைகள் போட்ட பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் குறுக்கே இரண்டு பிளாஸ்டர். வலது கண்ணில் மூடி எதுவும் தேவையில்லை, ஏழு வயதில் கருவேல முள் குத்தியதிலிருந்து அதற்கு வெளிச்சம் எது இருட்டு எது என்பது மட்டும்தான் தெரியும். நாற்பது வருடமாக அவள் பார்த்ததெல்லாம் இடது கண்ணால்தான். அந்தக் கண்ணுக்குள்ளும் ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மதியம் மேலிருந்து திரை இறங்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். கண்ணுக்குப் பின்சுவரில் காகிதம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும், அது உரிந்துவிட்டது, திரும்ப ஒட்டி வைத்திருக்கிறோம், பிடிக்கிறவரைக்கும் அம்மா குலுங்கவே கூடாது என்று மதுரையில் டாக்டர் சொன்னார். "மறுபடி உரிஞ்சா என்ன சார் பண்றது?" என்று தவசி கேட்டதற்கு அந்த டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அந்தப் பேனா மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மறுபடி டாக்டரிடம் காட்ட மதுரைக்குப் பஸ்ஸில் போகலாம்தான். போன தடவை பஸ்ஸில்தான் போனார்கள். பஸ் வாடையும் கார் வாடையும் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வாடிப்பட்டி வருவதற்குள் மூன்று தடவை குடலைப் புரட்டி வாந்தி எடுத்தாள். குலுங்குவதைவிட அது மோசம், அப்படி முக்கவே கூடாது என்று டாக்டர் திட்டினார். அதனால்தான் பைக். அதனால்தான் இந்த ஷாக் அப்சர்பர்.

"குழி" என்றார். அவள் பிடித்துக்கொண்டாள். இது அவள் போட்ட ஏற்பாடு. மேடு என்றால் வேகத்தடை, குழி என்றால் குழி, வரிசை என்றால் பட்டை பட்டையாகத் தார் போட்டு வைத்திருக்கும் இடம். நீங்க ஓட்டுங்க, வேகம் பத்தி எனக்குக் கவலையில்ல, ஆனா முன்னாடியே சொல்லிட்டு ஓட்டுங்க, தெரிஞ்சா உடம்பைக் கொடுத்துக்குவேன் என்றாள். சொல்லிவிட்டுத்தான் ஓட்டுகிறார். சாலையில் இருப்பதை ஒன்றுவிடாமல் சொல்கிறார். சாலையில் இல்லாததைத்தான் சொல்லவில்லை. குழியில் இறங்கி ஏறும்போது இடதுபக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்ததா, வரவில்லையா? செவியைத் தீட்டினார். என்ஜின் சத்தம், சங்கிலி சத்தம், எதிரே போன பால் வண்டியின் கேன்கள் இடிக்கிற சத்தம். டொக் இல்லை. இருக்காது. கேன்தான். கேனாகத்தான் இருக்க வேண்டும்.

தான் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தோம் என்று முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக ஆய்வக உதவியாளர். சுருள்வில் சோதனைக்கு வருடா வருடம் ஸ்பிரிங்கை எடுத்துக் கொடுக்கிறவர். ஐம்பது கிராம் தொங்கவிட்டால் இவ்வளவு நீளும், நூறு கிராமுக்கு அதில் இரண்டு மடங்கு, எடையை எடுத்தால் பழைய இடத்துக்கு வர வேண்டும். அளவுக்கு மீறி இழுத்த ஸ்பிரிங் திரும்பி வராது, பார்க்க ஸ்பிரிங் மாதிரியே இருக்கும், ஆனால் ஸ்பிரிங் இல்லை. அதற்கென்று தனி டப்பா வைத்திருக்கிறார். அதனால் திண்டுக்கல்லில் பழைய சாமான் கடையில் இந்த ஜோடியைப் பார்த்தபோது நெஞ்சால் அழுத்தி அழுத்திப் பார்த்தார், உள்ளே போன தண்டு ஒரே சீராக மூச்சு விடுவதுபோல் திரும்பி வந்தது. கைக்குட்டையால் தண்டைத் துடைத்துப் பார்த்தார், எண்ணெய்க் கறை இல்லை. பக்கத்தில் சின்ன வாயுக்குப்பி வைத்தது, பெரிய வண்டியில் வருவது, இவர் வண்டிக்குப் புதிதாகத் தேடினாலும் இந்த மாதிரி கிடைக்காது. "வாத்தியாரே, இதை மாட்டினா பின்னாடி உக்காந்து சோறு திங்கலாம், குழம்பு சிந்தாது" என்றான் கடைக்காரன். இது எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டார். "நல்ல வண்டி. அடி முன்பக்கம்தான். பின்பக்கம் ஒரு கீறல் கிடையாது, பாத்துக்கங்க." முன்பக்கம் அடி என்றால், ஓட்டியவர்? கேட்கவில்லை. பின்னால் யாராவது உட்கார்ந்திருந்தார்களா? அதையும் கேட்கவில்லை. கேட்டால் வாங்க முடியாது. இடதுபக்கத்து வாயுக்குப்பியின் கழுத்தில் யாரோ கறுப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கண்ணேறு படாமல் இருக்க, வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க. வீட்டுக்குப் போகுமுன் பிளேடால் அறுத்து எறிந்தார். ஸ்பிரிங்கின் அடியில் சுற்றிப் போட்டிருந்த முடிச்சு மட்டும் பிளேடுக்கு எட்டாமல் நின்றுவிட்டது. ஒன்றும் ஆகாமல் இருக்கக் கட்டிய கயிறு. முன்பக்கம் அடி. வீட்டில், "புதுசே வாங்கிட்டேன்" என்றார். இன்னொருத்தர் வண்டியில் கழட்டியது என்றால் அவள் ஏற மாட்டாள். அடிபட்ட வண்டிச் சாமானை வீட்டு வாசலுக்குள் விடமாட்டாள். அந்த ஒரு பொய் அவள் நன்மைக்கு. அது ஒன்றுதான். அது ஒன்றோடு நின்றிருந்தால்.

"என்னங்க பேச்சைக் காணோம்?" என்றாள் பவுனுத்தாய். "ரோட்டைப் பாக்கிறேன் தாயி." "பூ வாசம் வருது. மல்லிகைக் காடா?" ஆமாம் என்றார். இரண்டு பக்கமும் பூப்பறிக்கிறவர்கள் குனிந்து நின்றார்கள். குனிந்த முதுகுகள். நேற்று மாலை இருதயராஜ் கடை வாசலில் தானும் இப்படித்தான் குனிந்து நின்றோம். அதை நினைக்க வேண்டாம் என்று நினைத்தார். நினைத்தார். இருதயராஜ் வத்தலக்குண்டிலேயே கைசுத்தமான மெக்கானிக். இந்த ஷாக் அப்சர்பரின் துளை பெரிதாக இருக்கிறது, வண்டியின் போல்ட் சிறிசு, ஆடும் என்று லேத் பட்டறைக்கு அனுப்பித் துளைக்குள் செருக ஒரு புஷ் வளையம் கடைந்து வாங்கி, அதை அடக்கிப் பிடிக்கிற முகம் அகலமான பெரிய நட்டாக மாற்றிப் போட்டவர். ஒரு நட்டை முழுக்க முறுக்கி முடித்ததும் அவர் மகளுடைய நெயில் பாலிஷ் சீசாவைத் திறந்து, நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைப்பார். "பொட்டு வெச்சா முறுக்கியாச்சுன்னு கணக்கு சார். வைக்கலைன்னா இன்னும் முறுக்கலை. நாளைக்கே நட்டு நழுவுனாலும் பொட்டு ரெண்டா பொளந்து காட்டிக் கொடுத்துரும்." வலது கீழ், வலது மேல், இடது கீழ். மூன்று பொட்டு. நாலாவதில் கைப்பிடியையும் கம்பித் தட்டியையும் சேர்த்து மாட்ட வேண்டியிருந்தது. மாட்டி, வாஷர் போட்டு, நட்டை விரலால் ஏற்றினார். விரலால் ஏற்றியது தவசிக்கு நிச்சயமாகத் தெரியும். பிறகு ஸ்பானரை எடுத்தாரா? எடுத்தார். எடுத்து நட்டில் வைத்தாரா, தரையில் வைத்தாரா? அப்போது போன் அடித்தது. "இந்தா வந்துர்றேன் சார்" என்று காதில் போனை வைத்துக்கொண்டு சந்து முனைவரை போய்விட்டார். சீசா திறந்தபடி இருந்தது. காற்றில் காய்ந்துபோகுமே என்று தவசிக்குப் பட்டது. மூன்று நட்டில் சிவப்பு, ஒன்றில் இல்லை. ஆய்வகத்தில் மூன்று குப்பியில் பெயர்ச் சீட்டு ஒட்டி, நாலாவது குப்பி வெறுமனே இருந்தால் கை சும்மா இருக்காது அவருக்கு. தூரிகையை எடுத்து நாலாவது நட்டில் தானே ஒரு பொட்டு வைத்தார். அழகாக, மற்ற மூன்றையும்விட வட்டமாக. சீசாவை மூடினார். இருதயராஜ் திரும்பி வந்தார், சுற்றி வந்து நாலையும் ஒரு பார்வை பார்த்தார், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சது சார், அக்காவைக் கூட்டிட்டுத் தைரியமாப் போங்க" என்றார்.

முறுக்கிவிட்டுத்தான் போனுக்குப் போயிருப்பார். அவ்வளவு கவனமான மனிதர் பாதியில் விட்டுவிட்டுப் போவாரா? போக மாட்டார். முறுக்கிய பிறகு பொட்டு வைக்கத்தானே சீசாவைத் திறந்தார்? இல்லை, சீசாவைத் திறந்தது மூன்றாவதற்கு. மூன்றாவதற்குத் திறந்தது மூடாமலே கிடந்தது. மூடவில்லை என்றால் அடுத்தது உடனே வைக்கப்போகிறார் என்றுதானே? உடனே என்றால் முறுக்கியபின். முறுக்கியபின் என்றால், பொட்டு வைக்காத அதை இன்னும் முறுக்கவில்லை. யோசனை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்திலேயே வந்து இடித்துக்கொண்டு நின்றது. "வரிசை" என்றார் அவசரமாக. வண்டி அதற்குள் பட்டைகளின்மேல் ஏறிவிட்டது. தடதடதடவென்று ஆறு பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் நட்டு ஒரு மயிரிழை சுற்றுவதாக அவருக்குத் தோன்றியது. "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள் அவள், குரலில் மூச்சு வாங்கியது. ஒரு சுற்றுக்கு எத்தனை பட்டை? விரலால் ஏற்றிய நட்டு கழன்று விழ எத்தனை சுற்று? ஆறா, ஏழா? நட்டு விழும். கைப்பிடி அவள் கையோடு வரும். ஷாக் அப்சர்பரின் தலை போல்ட்டிலிருந்து மெல்ல வெளியே நகர்ந்து சரியும், சரிந்து சக்கரக் கம்பிகளுக்குள் போகும். அவள் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு காலும் அந்தப் பக்கம்தான். விழுகிறவள் எந்தப் பக்கம் விழுகிறாள் என்றுகூடப் பார்க்க முடியாமல் விழுவாள். அதுகூட வேண்டாம், விழவே வேண்டாம், ஒரு பலத்த குலுக்கல் போதும், சுவரிலிருந்து காகிதம் உரிய. பேனா மூடி டிக்.

ஆய்வகத்தில் ஒருதடவை சீட்டு உதிர்ந்த குப்பி ஒன்று இருந்தது. நிறமில்லாத திரவம். முகர்ந்து பார்த்தார், தண்ணீராகத்தான் இருக்கும் என்று நினைத்தார், அலமாரியில் ஒன்று மட்டும் பெயரில்லாமல் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் 'காய்ச்சி வடித்த நீர்' என்று எழுதி ஒட்டிவிட்டார். வேதியியல் ஆசிரியை பெர்னதெத் அதைச் சாய்த்து ஒரு சொட்டைக் காகிதத்தில் விட, காகிதம் கறுத்துச் சுருண்டது. அவர் கத்தவில்லை. "பேரை எழுதிட்டா அது தண்ணியா மாறிடுமா தவசி?" என்று மட்டும் கேட்டார். பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் யாருக்கும் ஒன்றும் ஆகாமலே போய்விடுமா என்ன. நிறுத்து என்றது மனசு. நிறுத்திக் குனிந்து பார். பொட்டு பிளந்திருந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் கஷ்டம். பார்க்காதவரைக்கும் நட்டு இறுகி இருக்கவும் வழி உண்டு. வேகத்தைக் குறைத்தார். முப்பதிலிருந்து இருபதுக்கு. பின்னால் வந்த பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுக்கிக்கொண்டு போனது. ஏழு ஐம்பது. இன்னும் பத்து நிமிடம். பத்து நிமிடம்தானே. பக்கத்தில் ஒரு பைக் வந்து சேர்ந்தாற்போல ஓடியது, ஓட்டியவன் இவர் வண்டியின் பின்பக்கத்தைக் கையால் காட்டி ஏதோ கத்தினான். காற்றில் காதில் விழவில்லை. நட்டு. நட்டுத்தான். பார்த்துவிட்டான். ஹேண்டில் ஒரு கணம் அவர் கையில் இல்லாத மாதிரி இருந்தது. "அண்ணே, சேலை! அக்கா சேலை தொங்குது!" பவுனுத்தாய் முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி தம்பி, நல்லாயிரு" என்றாள், அந்தப் பைக் போன பக்கம் இல்லாமல் வேறெங்கோ பார்த்து. சட்டைக்குள் முதுகு நனைந்திருந்தது தவசிக்கு. அவள் கை தோளில் இருந்தது, அவளுக்கும் அந்த ஈரம் தெரிந்திருக்கும். தூரத்தில் நாலுவழிச் சாலையின் மேம்பாலம் தெரிந்தது. அதில் ஏறிவிட்டால் இருபதில் ஓட்ட முடியாது, லாரிக்காரன் விடமாட்டான். பாலத்துக்கு முன்னால் இடதுபக்கம் ஒரு புளியமரம். ஏழு ஐம்பத்தாறு. நிறுத்தினார்.

"எட்டு ஆயிருச்சா?" என்றாள். "ஆகப்போகுது." முதலில் மருந்து. அவளை மரத்தில் சாய்ந்து நிற்க வைத்தார். பாட்டில் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவினார், டாக்டர் சொன்னபடி விரல் இடுக்கெல்லாம். பிளாஸ்டரை உரித்து மூடியை எடுத்தார். கண் சிவந்து, மாதுளம் முத்து மாதிரி, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணில் விழ வேண்டிய முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. "குறி தவறுதே உங்களுக்கு?" "ரொம்ப நேரம் ஓட்டினதுல." இரண்டாவது சொட்டு உள்ளே விழுந்தது. மூடியை வைத்து ஒட்டி, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, மருந்தைக் குளிர்பையில் வைக்க அவர் திரும்பினார். பையின் ஜிப்பு சிக்கியது. அதை இழுத்துக்கொண்டே, இப்போது பார்க்க வேண்டும், இந்த ஜிப்பை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும், மெல்ல மூடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"ஏங்க. இது சுத்துது."

அவள் மரத்தடியில் இல்லை. தடவித் தடவி வண்டிக்கு வந்து, கைப்பிடியைப் பிடித்து, கைப்பிடியின் அடியில் விரலை விட்டு நட்டைப் பிடித்திருந்தாள். இரண்டே விரல். ஜாடி மூடியைத் திருகுவதுபோலத் திருகிக் காட்டினாள். நட்டு சுற்றியது. பொட்டு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி போல்ட்டிலும் இன்னொரு பாதி வெகுதூரம் தள்ளி நட்டிலும் இருந்தது. போல்ட்டின் நுனியில் இன்னும் ஒரு சுற்றுக்குத்தான் மரை மிச்சம் இருந்தது.

"சுத்தாத. விடு" என்றார். "பவுனு, அந்த நட்டுல பொட்டு வெச்சது நான்."

"எந்தப் பொட்டு?"

சொன்னார். இருதயராஜ் பொட்டு, போன், திறந்து கிடந்த சீசா, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் நட்டிலிருந்து விரலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசுன்னு சொன்னதும் நீங்கதான்" என்றாள்.

அவர் குளிர்பையைத் தரையில் வைத்தார்.

"நேத்தே தடவிப் பாத்தேன். ஸ்பிரிங்குக்கு அடியில கயித்து முடிச்சு இருக்கு. கடையில விக்கிற புதுசுக்கு எவன் கயிறு கட்டி விக்கிறான்?"

"தெரிஞ்சுமா ஏறின?"

"சாமானை நம்பி ஏறலை" என்றாள். "நீங்க சொல்லிட்டு ஓட்டுவீங்கன்னு ஏறினேன்."

வண்டியோடு வந்த ஸ்பானர் அந்தப் பெரிய நட்டுக்குச் சேரவில்லை. விரலால் அவசரமாக இரண்டு சுற்று ஏற்றிவிட்டு, பாலத்துக்கு முன்னால் தெரிந்த பஞ்சர் கடைவரை வண்டியைத் தள்ளினார். அவள் கைப்பிடியைத் தொடவில்லை, அவர் சட்டையின் பின்புறத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "கல்லு" என்றார். "சாக்கடைத் தண்ணி. இடது பக்கமா வா." பஞ்சர் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஸ்பானரை வைத்தார். நட்டு இரண்டரைச் சுற்று சும்மா சுற்றிவிட்டுத்தான் பிடித்தது. "என்னய்யா இது, விரல்ல போட்டு விட்டுருக்கான்? ஆனா பொட்டு வெச்சிருக்கான் பாரு திருட்டுப்பய."

"பொட்டு நான் வெச்சது" என்றார் தவசி.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற பவுனுத்தாயைப் பார்த்தார். ஸ்பானரின் முனையில் குழாயை மாட்டி, காலை ஊன்றி, முனகல் கேட்கிறவரை முறுக்கினார். "மத்த மூணு?" என்றார். அதெல்லாம் சரியாக இருக்கிறது, பொட்டு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்த தவசி நிறுத்திக்கொண்டார். "பாத்துருங்க" என்றார். மூன்றும் அசையவில்லை. பவுனுத்தாய் குனிந்து நாலாவது நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். கட்டை விரல் நகம் வெளுக்கிற அளவுக்குத் திருகினாள். பிறகு நிமிர்ந்து, முந்தானையைச் சுற்றி மடியில் செருகி, ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கியது. வலதுபக்கம் ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி, இரண்டுக்கும் நடுவில் காற்று வண்டியை இழுத்தது. நட்டு இறுகிவிட்டது. தெரியும், கண்ணால் பார்த்தார். ஆனால் ஸ்பிரிங்கின் அடியில் இன்னும் அந்த முடிச்சு இருக்கிறது, கீழே லேத்தில் கடைந்த புஷ் இருக்கிறது, கண்ணுக்குள்ளே காயாத பசை இருக்கிறது, இவற்றில் எதற்குமே அவரால் சீட்டு எழுதி ஒட்ட முடியாது.

"முன்னாடி என்ன இருக்கு?" என்றாள் பவுனுத்தாய்.

"லாரி. ரெண்டு." முதல் லாரியை முந்தவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு பவுனு" என்றார்.

தோளில் இருந்த கை கொஞ்சம் அழுத்தியது. "எனக்கும்தான். மேடு வந்தா சொல்லுங்க."

பாலம் முடிகிற இடத்தில், இணைப்பில் தார் உடைந்து, குறுக்கே ஒரு விளிம்பு வெயிலில் தெரிந்தது. இன்னும் வெகுதூரம் இருந்தது.

"மேடு" என்றார்.